பழவேற்காட்டில் பாடு இல்லாத ஒரு நாள்

திருத்தணியில் குடியிருப்போருக்குக் கடல் என்பது பெரும்பாலும் கேள்விப்பட்ட பொருளே. கண் சென்ற இடமெல்லாம் குன்றுகள். முருகன் கோயிலுக்கு ஏறும் வழியில் ஆண்டின் நாட்களுக்கு ஒன்றெனச் சொல்லப்படும் 365 படிகள். ஆடிக் கிருத்திகையின்போது காவடி சுமந்து வரும் மக்கள் கூட்டத்தை அலைக்கு ஒப்பிடுவார்கள். ஊரில் பலர் கண்ட அலை அதுதான். ஊரையொட்டிச் செல்லும் நந்தியாற்றிலோ மழைக்காலம் கழிந்தால் மணலே மிஞ்சும். ஆயினும் மழைநாளில் அதில் ஓடும் நீர் கொசத்தலை ஆற்றைச் சேர்ந்து, பூண்டி ஏரி வழியாக எண்ணூரில் வங்கக் கடலைத் தொடுகிறது. ஆறு போகும் இடத்திற்கு நாமும் ஒருமுறை போய்வர வேண்டுமென்று எங்கள் பங்கின் இளைஞர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

எண்ணூருக்குப் பதிலாகப் பழவேற்காட்டை நாங்கள் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் மகிமை மாதா. அத்திருத்தலம் 1515-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி. மேலும், 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மேற்கே திருத்தணியும் கிழக்கே பழவேற்காடும் ஒரே மாவட்டத்திற்குள் அடங்கின. ஒரே மாவட்டத்தார் ஒருவரையொருவர் பாராதிருப்பது முறையன்று அல்லவா? எல்லைக் கதையிலும் இரு பக்கமும் உறவுண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, அதே உடன்பாட்டின்படி பொன்னேரித் தாலுகாவின் ஒரு பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. எங்கள் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வருவதுபோலவே பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் வருகின்றன. அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் இருக்கிறது.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை. நள்ளிரவு கடந்து இரண்டரை மணிக்கு இளைஞர் பதினால்வரும், உபதேசியாரும், நானும் ஒரு வேனில் ஏறினோம். திருவள்ளூர், பெரியபாளையம், பொன்னேரி என ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டியதும் காற்றின் மணம் மாறியது. உறங்கிக் கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சன்னலைத் திறந்தனர். கடலை முதன்முதல் காண்பவர்கள் அவர்களில் ஐவர் இருந்தனர்.

மாதா சந்நிதியில் விடியற்காலைத் திருப்பலி முடிந்தது. ஊரில் பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. ஒல்லாந்தர் 1613-இல் எழுப்பிய கெல்திரியாக் கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. அதன் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் கண்டு எங்கள் பையன்கள் சற்று நேரம் பேச்சடங்கி நின்றனர். கடல்வழி வந்த வணிகர் பலர் தம் இளமையிலேயே இங்கு மாண்டு மண்ணாகியிருக்கின்றனர். ஆனால் நான் எழுத வந்தது கோட்டையைப் பற்றியன்று, வலையைப் பற்றி.

படகில் ஏறிக் கடலுக்குள் போக வேண்டுமென்பதே பையன்களின் ஆசை. அதற்கு நான் இசையவில்லை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். குடும்பம் குடும்பமாகத் திருநாள் கொண்டாட வந்தவர்கள். அதன்பின் பார்வையாளரைப் படகில் ஏற்றுவது தடை செய்யப்பட்டது. அந்தத் தடையை மதிப்பதே முறை. கரையில் நின்றபடியே மீன் பிடிக்கும் ஒரு வழியுண்டு என்று உபதேசியார் சொன்னார். அவர் பிறந்தது கடலோரக் குப்பமொன்றில். அவருடைய உறவினர் சிலர் பழவேற்காட்டுப் பாலத்திற்கு அப்பால், கலங்கரை விளக்கம் உள்ள பக்கத்தில், கரைவலை இழுப்பவர்கள். அவர்களோடு ஒரு நாள் வடம் பிடிக்க ஏற்பாடாயிற்று.

பாலத்தைக் கடக்கும்போது ஏரி இரு பக்கமும் விரிந்து கிடந்தது. உவர்நீர் ஏரிகளில் சில்காவை அடுத்து இந்தியாவில் இதுவே பெரியது. நம் ஆண்டவர் நடந்த கலிலேயாக் கடலை நாம் கடல் கடல் என்று படித்து எவ்வளவோ பெரிதாக எண்ணியிருக்கிறோம். பரப்பில் அது பழவேற்காட்டு ஏரியைவிடச் சிறியது. இதை நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. தொலைவில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. அவற்றைக் காட்டிய பின்னரே என் சொல்லுக்குச் சிறிது மதிப்பு ஏற்பட்டது!

இந்த ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. பட்டினவர் குப்பங்கள் சிலவற்றிற்கு உரிமையான பழைய ஏற்பாடு அது. இறால் மிகுதியாக வரும் இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் அங்கு வலை கட்ட முடியாது. ஆகவே தலைக்கட்டுகளைக் கணக்கெடுத்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னார்க்கு இன்ன இடம் என்று முறை வைத்துக்கொள்கின்றனர். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. இந்து குப்பத்தாரும் கிறிஸ்தவக் குப்பத்தாரும் ஒரே முறைக்குள் அடங்கி நிற்பதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் அந்தக் கணக்கில் இடம்பெறாத ஏழைகளும் ஏரிக்கரையில் உண்டு. இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அன்று காலையிலேயே கண்டோம். முறை எவ்வளவு அழகியதாயினும் அதற்கு வெளியே நிற்பவன் கண்ணுக்கு அது மதிலாகத்தான் தெரியும்.

‘பாடு’ என்ற சொல்லே சிந்தனைக்குரியது. ஏரியில் அது இடமுறை. கடலோரத்தில் மீன்வரவுக்கும் அதுவே பெயர், “இன்னிக்குப் பாடு எப்படி?” என்றால் மீன் கிடைத்ததா என்று பொருள். உள்நாட்டில் வாழும் நமக்கோ பாடு என்றால் துன்பம். தவக்காலம் வந்துவிட்டால் ஆண்டவருடைய பாடுகளைத் தவிர வேறெதையும் அச்சொல் நமக்கு நினைவூட்டுவதில்லை. வருவாய்க்கும் துன்பத்திற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மக்கள் எத்தகையவர் என்று அன்று மாலைக்குள் ஓரளவு விளங்கிற்று.

கரைவலையின் அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டும். வடத்தின் ஒரு முனையைக் கரையில் சிலர் பிடித்துக்கொள்ள, படகு மறுமுனையோடு கடலுக்குள் செல்கிறது. வடத்தை விட்டுக்கொண்டே போய், பின் வலையை அரைவட்டமாக இறக்கி, மற்றொரு வடத்தை விட்டபடி கரையின் வேறோரிடத்திற்குத் திரும்புகிறது. வலையின் இரு கைகளும் நீண்டு பரந்திருக்கும். நடுவில் நெருக்கமான கண்ணியுடைய பை. அந்தப் பைக்கு ‘மடி’ என்று பெயர். இரு முனையிலும் இரு கூட்டத்தார் நின்று இழுக்கின்றனர். இழுக்க இழுக்க இரு கூட்டமும் கரையோரமாக நகர்ந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. கடைசியில் மடி கரையேறும்போது எல்லாரும் தோளோடு தோள் உரச நிற்பர். ஒரு முறை வலை வளைத்து இழுக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது.

மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் விண்ணரசுக்கு ஒப்பிடப்படும் வலை இத்தகையதே. கிரேக்க மூலத்தில் அங்கு வரும் சொல் ‘சகேனே’ என்பது. புனித இராயப்பரும் புனித பெலவேந்திரரும் முதன்முதல் அழைக்கப்பட்டபோது வீசிக்கொண்டிருந்தது ஒருவனே தோளிலிருந்து எறியும் வீச்சுவலை. அதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல். ஆங்கிலேயர் கரைவலையைச் ‘செய்ன்’ என்று அழைப்பதும் இந்தச் சகேனேயிலிருந்து வந்ததே. குருமடத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிப் படித்தோம். ஆனால் வீச்சுவலைக்கு ஒருவன் போதும், சகேனேவுக்கு ஊரே வேண்டும் என்னும் வேறுபாடு, வடம் உள்ளங்கையில் உராயும்போதுதான் உறைக்கிறது.

ஏழரை மணிக்கு முதல் வளைப்பு. எங்களை இரண்டாகப் பிரித்து இரு வடத்திலும் நிறுத்தினர். தலைவராக இருந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். “கையால இழுக்காதீங்க தம்பிகளா, காலை மண்ணுல ஊனி உடம்பைச் சாய்ங்க” என்றார். எங்கள் பையன்களில் உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போய்த் தோள் திரட்டியவன் ஒருவன் உண்டு. கால் மணி நேரத்தில் அவன் மூச்சிரைத்து மணலில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நின்ற ஒல்லியான கிழவர் ஒருவர் மூன்று மணி நேரமும் வெற்றிலை மென்றுகொண்டே இழுத்தார். இழுவைக்கென்று ஒரு குரல் கொடுப்பார்கள். ஒருவர் முதலில் எடுக்க மற்றவர் பின் சொல்ல, அந்த இடைவெளியில் வடம் ஒரு முழம் கரையேறும். அதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். பாட்டுக்குத் தக்கபடி இழுத்தால் பாரம் பாதியாகிவிடுகிறது. எங்கள் பாடகர் குழுவைச் சேர்ந்த ஒருவன் பத்தே நிமிடத்தில் அதைக் கற்றுக்கொண்டான். கோயிலில் ஒரு புதிய பாடலைக் கற்க அவனுக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

நீரோட்டத்தை அவர்கள் ‘வெள்ளம்’ என்கின்றனர். வெள்ளம் எத்திசையில் ஓடுகிறது, கலங்கலா தெளிவா என்பதையே அடிக்கடி பேசிக்கொண்டனர். அன்று வலைக்காரர் எதிர்பார்த்தது கவலை மீன். சாளை இனத்தைச் சேர்ந்த சிறு மீனுக்கு இக்கரையில் அப்பெயர். அதற்கென்று தனியாகக் கவலை வலையும் உண்டாம். கவலை வர வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்ளும் மக்களை அன்றுதான் கண்டேன். உபதேசியாரிடம் இதைச் சொல்லி நான் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. பிறந்தது முதல் கேட்ட சொல்லில் அவருக்கு வேடிக்கை ஏதும் தோன்றவில்லை போலும்.

பத்தரை மணிக்கு மடி கரையேறியது. அதனுள் இருந்தவை: நுங்கு போன்ற சொறிகள் ஒரு குவியல், பிளாஸ்டிக் பைகள் சில, விரல் நீளக் காரல் ஒரு கைப்பிடி, ஒரு பேத்தை. அந்தப் பேத்தை காற்றை விழுங்கிப் பந்துபோல் உப்பியதைக் கண்டு எங்கள் கூட்டம் ஆரவாரித்தது. அதைத் தண்ணீரில் விட்டதும் சற்று நேரம் மிதந்து, பிறகு சுருங்கி, அவமானப்பட்டவனைப்போல் விரைந்து மறைந்தது.

கட்டுச்சோற்றை மணலில் அமர்ந்து உண்டோம். புளிச்சோற்றை அவர்களுக்கு நாங்கள் கொடுக்க, கருவாட்டை எங்களுக்கு அவர்கள் கொடுத்தனர். ஒரு மணிக்கு மீண்டும் வளைத்தார்கள். வெயில் ஏறியிருந்தது. முன்பு ஆடிப்பாடி இழுத்தவர்கள் இப்போது பேசாமல் இழுத்தனர். ஆனால் ஓர் அமைதி எல்லார் முகத்திலும் படிந்திருந்ததைக் கண்டேன். திருத்தணியில் ஒரு மணி நேரம் கையில் தொலைபேசியின்றி இருக்க முடியாதவர்கள், வேனில் அதை விட்டுவிட்டு வந்ததையே மறந்து, நீரில் தெரியும் மிதவைகளின் வளைவு சுருங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தனர். என் நிலையும் அதுவே. பங்குக் கணக்கு, பள்ளிக்கூடத்து ஓட்டை ஓடு, மேற்றிராணியாருக்கு எழுத வேண்டிய பதில் ஒன்றும் நினைவில்லை. முன்னால் நிற்பவன் முதுகு, கையில் ஈரவடம், காலடியில் நழுவும் மணல் இவையே அந்த உலகம்.

நற்செய்தியில் சீடர்கள் வெறும் வலையோடு இருந்த இரவுகள் இரண்டு. ஒன்று லூக்காஸ் 5-ஆம் அதிகாரத்தில்; மற்றது அருளப்பர் 21-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு. பிரசங்கம் செய்வோர் அந்த இரவை ஒரே மூச்சில் தாண்டி, கிழியும் வலைக்கும் 153 மீன்களுக்கும் போய்விடுவது வழக்கம். எழுவர் ஒரு படகில் விடியும்வரை இருந்தார்களே, என்ன பேசியிருப்பார்கள்? தம் ஆசிரியரை மறுதலித்த இராயப்பரும், காயத்தைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமையாரும் அப்படகில் இருந்தனர். மீன் கிடைத்திருந்தால் அவர்கள் நள்ளிரவிலேயே கரை திரும்பியிருக்கக்கூடும். கிடைக்காததால் இரவெல்லாம் ஒரே வலையைப் பிடித்தபடி ஒன்றாக இருந்தார்கள்.

நாலு மணி அளவில் இரண்டாம் முறையும் மடி வந்தது. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. சொறியும் குறைவு. ஒரு சிறு நண்டு வலைக்கண்ணியிலிருந்து விடுபட்டு எங்கள் கால்களுக்கிடையே ஓட, பையன்கள் துள்ளிக் குதித்துச் சிரித்தனர். நானும் சிரித்தேன். அப்போதுதான் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணில் பட்டனர். காலை முதல் கூடையோடு காத்திருந்தவர்கள். மீனை வாங்கிப் பொன்னேரிச் சந்தைக்கும் தெருத்தெருவாகவும் கொண்டுபோய் விற்றால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும். ஒரு மூதாட்டி தம் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சிரித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் அதைப் பார்த்துத் திடீரென்று வாயை மூடிக்கொண்டான். அம்மூதாட்டியே அவனை அழைத்து, “சிரி ராசா, சிரி. நீ அழுதா மட்டும் மீன் வந்துடுமா?” என்றார்.

எங்களுக்கு அது விடுமுறை. அவர்களுக்கு அது கூலியிழந்த நாள். நாங்கள் மகிழ்ந்தது பொய்யன்று. அவர்கள் இழந்ததும் பொய்யன்று. இரண்டும் ஒரே வடத்தில்தான் தொங்கின. மீன் குறைந்துபோனதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் பல. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து போகிறது. கரையை ஒட்டிய கடற்பகுதிக்குள் விசைப்படகுகள் வரலாகாது என்று சட்டம் சொல்கிறது. ஆயினும் வருகின்றன என்பது அவர்களுடைய முறையீடு. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் அப்படகுகளுக்குத் தடை இருப்பதால் மீன்குஞ்சுகள் சற்றுத் தப்புகின்றன. பக்கத்துச் சிறீஅரிக்கோட்டையிலிருந்து ஏவுகணை விண்ணுக்குப் போகும் நாளில் இவர்கள் கடலுக்குப் போக முடியாது. நாம் தொலைக்காட்சியில் கைதட்டிப் பார்க்கும் அந்த நாளும் அவர்களுக்குப் பாடு இல்லாத நாளே.

இளைஞர்கள் தங்களுக்குள் பேசி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்து என்னிடம் கொடுத்தனர். அதைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சாமி, இந்த வலையில இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. நின்னு வேடிக்கை பார்த்தவனுக்குத்தான் இல்லே. உங்க பிள்ளைங்க காலையிலேருந்து இழுத்தாங்க. வலைக்கும் படகுக்கும் போக மிச்சத்தை எல்லாருக்கும் சமமாப் பிரிப்போம். இன்னிக்கு எங்களுக்கு என்ன வந்துச்சோ அதேதான் உங்களுக்கும். நீங்க காசு குடுத்தா, பங்காளி இல்லே, பார்க்க வந்தவங்கன்னு ஆயிடும்.”

பணத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு பையனை அனுப்பித் தேநீர் வாங்கிவரச் செய்தார். நாற்பது பேருக்கும் கடன் சொல்லி வாங்கிய தேநீர். அதன் விலையை உபதேசியார், உறவினர் என்ற உரிமையில், கடைக்காரரிடம் இரகசியமாகக் கட்டிவிட்டு வந்தார். பெரியவருக்கு அது தெரிந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. வலையை விரித்துக் குப்பையை நீக்கி, அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமை விடியலில் மறுபடி வளைக்க வேண்டும் என்றார்.

பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தனர். எங்கள் வேனில் இடமிருந்தது. ஏரிக்கரைவரை அவர்களை ஏற்றிக்கொண்டோம். அங்கே இறங்கியதும் மடவையும் பச்சை நண்டும் வைத்திருந்த வேறொரு கடைக்குப் போய், நாளைக்கு விற்றுத் தருகிறோம் என்று பேரம் பேசத் தொடங்கிவிட்டனர். சற்றுமுன் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த மூதாட்டியின் குரல்தான் அவற்றுள் உரத்துக் கேட்டது.

இரவு பத்து மணிக்குத் திருத்தணி. வழி நெடுகப் பையன்கள் அந்த அம்பாக் குரலை எடுத்து எடுத்துத் தொண்டை கட்டிக்கொண்டனர். குருமனையில் சமையற்காரர் காலையிலேயே மசாலை அரைத்து, பெரிய சட்டியைத் துலக்கி வைத்துக் காத்திருந்தார். வேனை இருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் உள்ளே போய் அந்த மசாலையைக் கத்தரிக்காயில் இட்டார். நன்றாகவே இருந்தது.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றுச் சென்றவர்களின் வரிசையில் அந்தப் பதினால்வரும் வந்தனர். கொப்புளம் இன்னும் ஆறாத கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். பூசை முடிந்ததும் பாடகர் குழுப் பையன் வாயிலில் என்னிடம் ஓடிவந்தான். பழவேற்காட்டிற்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறான்.

“சாமி, திங்கட்கிழமை கவலை வந்துச்சாம்! மூணு கூடை!”

பக்கத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த எங்கள் பங்கின் வயதான அம்மையார் ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவன் தோளைத் தொட்டு, “யாருக்கப்பா, என்ன கவலை? சொல்லு, நான் ஜெபமாலையில வேண்டிக்கிறேன்” என்றார்.